கவசக்காவும் மூன்று கீறல்களும்

இசைக்கருவிக் கடையின் பின்னறையில், பழுது பார்க்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடம், "கிட்டாருக்குப் பிக்கார்டு இருந்தா அழகா, இல்லாட்டி அழகா?" என்று யார் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்.

"இருக்கணும். அது இல்லாத கிட்டாரு பட்டன் போடாத சட்டை மாதிரி."

பிக்கார்டு ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. கிட்டாரின் நடுவில் இருக்கும் வட்டத் துளைக்குக் கீழே, கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தகடு. கம்பியை மீட்டும் 'பிக்' என்ற சின்ன பிளாஸ்டிக் வில்லை கை தவறி மரத்தில் உரசினால் கீறல் விழாமல் அது தாங்கிக்கொள்ளும். வேகமாக அடித்து வாசிப்பவர்களுக்கு அது தேவை. விரல் நுனியால் மெதுவாக வாசிப்பவர்களுக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் கிட்டார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். தகடு கிட்டாருக்கு ஒரு மிடுக்கைக் கொடுக்கிறது என்பது ஒரு கட்சி. நல்ல மரத்தின் மேல் அது எதற்கு, சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி என்பது இன்னொரு கட்சி.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாம் கட்சி. "இந்தக் கறுப்பை எடுத்துடுங்கக்கா, மரம் தெரியட்டும்" என்று கொண்டு வருவார்கள். அவள் விடமாட்டாள். நகம், மோதிரம், வேர்வை, சட்டைப் பட்டன் என்று ஒரு கிட்டாருக்கு வரக்கூடிய ஆபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வாள். தகட்டை எடுக்க வந்தவர் பயந்துபோய்ப் புதுத் தகடு ஒன்று ஒட்டிக்கொண்டு போவார். அப்படித்தான் அவளுக்குக் கவசக்கா என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர் கடை முதலாளி. அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆள் இருந்தால் அவரை 'சார்' என்பாள்; இல்லாவிட்டால் 'தம்பி'.

உள்ளதைச் சொன்னால், கவசக்காவின் மனசு இரண்டாம் கட்சியில்தான் இருந்தது.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவள் ஒரு கிட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். மரம் அறுக்க ஒரு கூடம், வளைக்க ஒரு கூடம், பாலிஷ் அடிக்க ஒரு கண்ணாடி அறை. இவள் மேசை அதற்கெல்லாம் அப்புறம். பாலிஷ் காய்ந்து, துணியால் துடைத்து, தண்ணீரிலிருந்து எடுத்தது போலப் பளபளவென்று ஒவ்வொன்றாக வரும். தகட்டின் பின்பக்கத் தாளை உரிக்க வேண்டும். துளையைச் சுற்றியுள்ள வளையத்தோடு ஒட்டினாற்போல வைக்க வேண்டும். ரப்பர் உருளையால் மூன்று தடவை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. மணிக்கு முப்பது.

அந்தக் கிட்டார்களின் வெறும் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவள் அவள்தான். படிய வாரிய தலைமுடி மாதிரி மரத்தின் ரேகைகள் மேலிருந்து இறங்கும். துளையில் வந்து அறுபட்டு, அந்தப் பக்கம் விட்ட இடத்திலிருந்து ஒன்று பிசகாமல் தொடரும். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அதன் மேல் கறுப்பை ஒட்டும்போது பேச வாயெடுத்த பிள்ளையின் வாயைப் பொத்துவது போல இருக்கும் அவளுக்கு. ஒருநாள் மனசு தாங்காமல் சூப்பர்வைசரிடம் சொன்னாள்: "ஒட்டாம விட்டா எவ்வளவு லட்சணமா இருக்கும் சார்!"

"ஒட்டாம விட்டா உனக்கு இங்க என்ன வேலை?" என்றார் அவர். அவள் அடுத்த தகட்டின் தாளை உரித்தாள்.

ஏழாவது வருடத்தில்தான் அது நடந்தது. ஒரு வாரம் வந்த தகடுகள் எல்லாம் ஒரு நூல் பெரிதாக வெட்டப்பட்டிருந்தன. வைத்தால் விளிம்பு வளையத்தின் மேல் ஏறிக்கொண்டது. திருப்பி அனுப்ப நேரமில்லை. "வெச்சுட்டு பிளேடால சீவி விடு" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சீவினாள். புதன்கிழமை வேலை முடிய பத்து நிமிடம் இருக்கும்போது பிளேடு வழுக்கியது. தகடு கிழிந்தது. அதை உரித்துப் பார்த்தால் அடியில் மரத்தில் ஒரு கீறல். சுண்டு விரல் நீளம். பாலிஷைத் தாண்டி, ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது.

தொழிற்சாலையில் ஒரு சட்டம் உண்டு. தப்புப் பண்ணினால் சொல்லிவிட வேண்டும்; திட்டோடு போகும். மறைத்தால் வேலை போகும். அவளுக்கு அது தெரியும். ஆனால் அன்றைய கணக்குக்கு இன்னும் நாலு கிட்டார் பாக்கி. சொன்னால் வேலை நிற்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கை தன்பாட்டில் இன்னொரு தகட்டை எடுத்தது, தாளை உரித்தது, ஒட்டியது, உருட்டியது. கீறல் போன இடம் தெரியவில்லை. அடுத்த கிட்டார் வந்தது.

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு தடவை வழுக்கியது. முதலாவதைச் சொல்லாதவள் இரண்டாவதை எப்படிச் சொல்வாள்? மூன்றாவதை எப்படிச் சொல்வாள்?

பதினைந்து நாள் கழித்து, பாலிஷ் அறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த ஒருவர், எல்லோருக்கும் பெரியப்பா, ஒரு கிட்டாரில் விழுந்த நசுங்கலை மெழுகு வைத்து அடைத்து அனுப்பியதாகப் பிடிபட்டார். அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைப் பிரிக்காமலே கையில் எடுத்துக்கொண்டு அவள் மேசையைக் கடந்து போனார். "வரேம்மா" என்றார். அவள் தலை நிமிரவில்லை. ஒரே தகட்டை ஏழு தடவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஐந்து வருடம் அங்கே இருந்தாள். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது இந்தக் கடையில் சேர்ந்தாள். பழைய பயம் தொழிற்சாலையோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏனென்றால் அந்தத் தொழிற்சாலையின் கிட்டார்கள் ஊர் முழுக்க இருந்தன. பழுதுக்கு வருவதில் பாதி அவைதான். துளைக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். செய்த மாதமும் வருடமும் அதில் அச்சாகியிருக்கும். கவசக்கா முதலில் பார்ப்பது அதைத்தான். எட்டு வருடத்தில் அந்த மாதத்துக் கிட்டார்கள் நாலு வந்தன. நாலையும் தகட்டைத் தொடாமலே பேசி அனுப்பினாள். தப்பித்தவறி அந்த மாதத்துக் கிட்டார் ஒன்றில் தகடு எடுபட்டுவிடக் கூடாதென்று எல்லாக் கிட்டாருக்கும் ஒரே பாட்டைப் பாடினாள். தகடு இருந்தால்தான் அழகு. இருந்தால்தான் அழகு. முதலாளி கொஞ்சம் கொஞ்சமாகத் தகடுகளுக்கென்றே ஒரு தனி இழுப்பறை வைத்துவிட்டார்.

ஐந்தாவது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது.

கொண்டுவந்தவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கூடவே அவருடைய பெண், பதினேழு வயது. உள்ளே வரும்போதே இரண்டு பேரும் பாதிச் சண்டையில் இருந்தார்கள். கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்கள். வேனுக்குள் வெயிலில் கிடந்ததில் தகட்டின் கீழ்நுனி காய்ந்த இலை மாதிரி மேலே சுருண்டிருந்தது.

"எடுத்துடுங்க ஆன்ட்டி. எனக்கு இது பிடிக்கவே பிடிக்கல" என்றாள் பெண்.

"கிட்டாருன்னா அங்க கறுப்பா இருக்கணும். நான் வாங்கினப்ப அப்படித்தான் இருந்துச்சு" என்றார் அப்பா.

"நீங்க வாங்கினப்ப உங்க தலையும்தான் கறுப்பா இருந்துச்சு."

அவர் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். கவசக்கா சிரிக்கவில்லை. துளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டிருந்தாள். அந்த மாதம். அந்த வருடம்.

"சுருண்ட இடத்தை மட்டும் பசை வெச்சு..." என்று ஆரம்பித்தவளுக்கு அது நடக்காதென்று தெரியும். அடியில் தூசு போயிருந்தது. ஒட்டினால் நிற்காது. பழசை முழுக்க எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. இது இருந்தா அழகா, இல்லாட்டி அழகா?"

வழக்கமான பதிலைச் சொல்லாமல் கவசக்கா சுருண்ட நுனியை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பாதான் நடுவில் புகுந்தார். "ஒண்ணு பண்ணுங்கக்கா. நாங்க பேசினா இது இந்த ஜென்மத்துல முடியாது. நீங்க பழசை எடுத்துப் பாருங்க. வெறுமனே நல்லா இருந்தா அப்படியே விட்டுடுங்க. நல்லா இல்லன்னா புதுசா ஒண்ணு ஒட்டிடுங்க. உங்க கண்ணுக்கு எது சரியோ அதுதான் முடிவு. என்னம்மா?"

பெண் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "சனிக்கிழமை வரோம். திங்கக்கிழமை ஸ்கூல்ல வாசிக்கணும்."

புதன்கிழமை கவசக்கா மேசை இழுப்பறைகளையெல்லாம் காலி செய்து துடைத்து அடுக்கினாள். வியாழக்கிழமை யாரும் அவசரமென்று சொல்லாத மூன்று கிட்டார்களுக்குக் கம்பி மாற்றினாள். சுவரோரம் சாய்த்து வைத்த அந்த ஐந்தாவது கிட்டார் பக்கம் திரும்பவில்லை. திரும்பாவிட்டாலும் அது அங்கே இருப்பது முதுகுக்குத் தெரிந்தது. அவளாகவே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த மாதத்தில் அவள் மேசையைக் கடந்தவை ஐயாயிரத்துக்கும் மேலே. அதில் மூன்று. அந்த மூன்றில் ஒன்று இதுவாகவா இருக்கும்? இருக்காது. ஆனால் அந்த ஐயாயிரத்தில் ஏதோ மூன்றில் கீறல் இருக்கத்தானே செய்கிறது? கணக்கு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை முற்பகல், முதலாளி வெளியே போன நேரம் பார்த்துக் கிட்டாரை எடுத்தாள். கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கினாள். தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்துத் தகட்டுக்கு இதமான சூடு காட்டினாள். அதிகமானால் பாலிஷ் கொப்புளிக்கும். குறைந்தால் பசை விடாது. சுருண்ட நுனிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, கொஞ்சம் சூடு, கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் சூடு, கொஞ்சம் தள்ளு என்று போனாள். உள்ளங்கை வேர்த்து அட்டை வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டாள். பசை பிசுபிசுவென்று இழை இழையாக விட்டுக்கொடுத்தது. கடைசியில் தகடு முழுசாகக் கையோடு வந்தது.

அடியில் மரம் வெளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் பதின்மூன்று வருட வெளிச்சம் பட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருக்க, தகடு இருந்த இடம் மட்டும் பால் நிறத்தில், அதே கண்ணீர்த்துளி வடிவத்தில் நின்றது. அதன் மேல் பசை அழுக்காக அப்பியிருந்தது. துணியில் லைட்டர் பெட்ரோலைத் தொட்டு வட்டமாகத் துடைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி துடைத்தாள். ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சை விட்டுக்கொண்டே வளையத்தின் பக்கத்தில் கடைசியாக ஒரு துடைப்பு.

கோடு தெரிந்தது.

பசைக் கறை என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகம் அதில் இறங்கியது. சுண்டு விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அளவுகோலை எடுக்கத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்கடையில் யாரோ பியானோவில் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில், சமையலறை வாசலில் நின்று புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இதை அவரிடம் சொன்னது அன்றுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். கருவிப் பையிலிருந்த ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சிரித்துவிட்டார்.

"இதுக்கா? நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"சிரிக்காதீங்க."

"இல்லடி, நான் ஒரு போல்ட்டை முடுக்காம வந்தா எட்டு பேரு கீழ போவாங்க. நீ போட்டது ஒரு கோடு. அதுவும் வெளிய தெரியாத கோடு."

"பெரியப்பா போட்டதும் தெரியாத நசுங்கல்தான். அவரை அனுப்பினாங்க. நான் வேடிக்கை பார்த்துட்டு நின்னேன்."

துடைக்கிற கை நின்றது. சிரிப்பும் நின்றது. ஸ்பேனரைப் பைக்குள் வைத்துவிட்டு, "அப்ப உன் பயம் கிட்டாருக்காக இல்ல" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நாளைக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார்.

"என் கண்ணுக்கு எது சரியோ அதுதான் முடிவுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. புதுசா ஒண்ணை ஒட்டிட்டா முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?" என்றார். அவ்வளவுதான். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கடையில் இருந்தாள். ஒரு பாவமும் அறியாத வேலை மாதிரிதான் ஆரம்பித்தாள். தகட்டு இழுப்பறையிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுத்தாள். விளிம்பு சரியாக இருந்தது. சீவ வேண்டிய அவசியமே இல்லை. பின்பக்கத் தாளை உரித்தாள். பசைப்பக்கம் கீழே பார்க்கத் தகட்டை இரண்டு கையாலும் பிடித்து, கீறலுக்கு மேலே கொண்டுவந்து, வளையத்தோடு ஒட்ட வைத்துக் குறி பார்த்தாள். பன்னிரண்டு வருடம் செய்த அதே அசைவு. அப்போது மணி அடிக்கப்போகிற நேரம், நாலு கிட்டார் பாக்கி, தலைக்கு மேல் சூப்பர்வைசர். இப்போது அறையில் ஒரு மின்விசிறியும் அவளும் மட்டும். யார்மேலும் பழி போட வழியில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாளோ தெரியாது. விசிறிக் காற்றில் மேசையிலிருந்த பஞ்சுத் துணுக்கு ஒன்று பறந்துவந்து பசையில் ஒட்டிக்கொண்டது. எடுக்கப் போனால் விரல்ரேகையும் பதிந்தது. அந்தத் தகடு வீண். இழுப்பறையில் இன்னும் இருபது இருந்தது. அவள் எடுக்கவில்லை. வீணான தகட்டைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

பத்தரைக்கு வந்தார்கள். பெண் முன்னால் ஓடிவந்தாள். கிட்டாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கிட்டத்தில் வந்ததும் சுருங்கியது.

"ஐயோ, என்ன ஆன்ட்டி இது? கட்டுப் பிரிச்ச கை மாதிரி வெளுத்துக் கிடக்கு!"

"அது வெளிச்சம் படாததால. அது சரியாயிடும்மா. ஆனா இன்னொண்ணு இருக்கு." கவசக்காவின் விரல் அந்தக் கோட்டுக்குப் போனது. "இந்தக் கீறல் நான் போட்டது."

"எடுக்கும்போது பட்டுடுச்சா? பரவாயில்லக்கா" என்றார் அப்பா பெருந்தன்மையாக.

அப்படியே விட்டிருக்கலாம். அதுவும் ஒரு வழியாகத்தான் தெரிந்தது. ஒரு விநாடி அந்த வழியில் கால் வைக்கவும் பார்த்தாள்.

"இப்ப இல்ல சார். பதிமூணு வருஷத்துக்கு முன்னால. இந்த கிட்டாருக்குத் தகடு ஒட்டினவ நான்தான்."

பிறகு சொல்லிக்கொண்டே போனாள். பிளேடு, பத்து நிமிடம், இன்னொரு தகடு, மூன்று கிட்டார், பெரியப்பா. நடுவில் முதலாளி முன்கடையிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றதைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அப்புறம் ஆரம்பிக்க வராது என்று பயம்.

சொல்லி முடித்ததும் வேன்காரர் கீறலை விரலால் தடவினார்.

"அப்ப நான் புதுசுன்னு வாங்கினது..."

"புதுசுதான் சார். ஆனா கீறினது."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா கடைக்காரன் சட்டையைப் பிடிச்சிருப்பேன்." குரலில் கோபம் இருந்தது. "இப்பவும் கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். மூணு மாசம் ஓவர்டைம் பார்த்து வாங்கினது இது."

"கோபப்படுங்க சார். கிட்டாரோட சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. கீறலை அடைச்சு மெருகு போட்டுத் தரேன். முழுக்க மறையாது. கூர்ந்து பார்த்தா தெரியும். அதுக்கும் எதுக்கும் நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

"வேண்டாம் ஆன்ட்டி" என்றாள் பெண் சட்டென்று. "இது நல்லாவே இல்ல. புதுசா ஒண்ணு ஒட்டிடுங்க. திங்கக்கிழமை இதைத் தூக்கிக்கிட்டு மேடைக்குப் போக மாட்டேன்."

கவசக்கா இழுப்பறைப் பக்கம் திரும்பினாள். அப்போது வேன்காரர், "இரும்மா" என்றார். அவர் கண் இன்னும் மரத்திலேயே இருந்தது. விரல் கீறலை விட்டுவிட்டு ஒரு ரேகையைப் பிடித்துக்கொண்டு மேலே போய், துளையைத் தாண்டி, அந்தப் பக்கம் அதே ரேகையைத் தேடிப் பிடித்தது. "இத்தனை வருஷமும் இது இங்கயா இருந்துச்சு? எடுத்தது நல்லா இருக்கே!"

"அப்பா! நீங்கதானே ஒட்டணும்னீங்க?"

"நீதானே எடுக்கணும்னே?"

"எடுத்தா அழகா இருக்கும்னு நெனச்சேன். இப்படி இருக்கும்னா நெனச்சேன்?"

"நான் மட்டும் நெனச்சேனா?"

வந்தபோது எந்தச் சண்டையோ அதே சண்டை, ஆள் மட்டும் இடம் மாறி நின்றது. கதவோரம் நின்ற முதலாளி தனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். கடைசியில் பெண் கவசக்காவையே பிடித்தாள். "அன்னிக்கே கேட்டேன், நீங்க சொல்லவே இல்ல. இப்ப சொல்லுங்க ஆன்ட்டி, நிஜமா எது அழகு?"

"இல்லாமதான்" என்றாள் கவசக்கா.

முதலாளியின் இருமல் நின்றுவிட்டது.

"தகடு ஒட்ட ஆரம்பிச்ச முதல் நாளிலிருந்து எனக்கு அப்படித்தான் தோணுது. ஒட்ட ஒட்டத் தோணுச்சு. ஆனா அது என் கண்ணு. நீ வேகமா அடிச்சு வாசிக்கிறவளா இருந்தா ஒட்டிக்கோ. அழகுக்காக மட்டும்னா ரெண்டு மாசம் பொறு. ஜன்னல்கிட்ட வெச்சா வெளுப்பு மெல்ல மெல்ல மத்த இடத்தோட சேர்ந்துடும். சேர்ந்தும் பிடிக்கலன்னா கொண்டா. நானே ஒட்டித் தரேன்."

பெண்ணுக்கு முழுச் சம்மதமில்லை. ஆனாலும் திங்கட்கிழமைக்கு வேறு கிட்டாரை இரவல் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். எதற்கும் இருக்கட்டுமென்று புதுத் தகடு ஒன்றையும் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கீறலை அடைத்துக் காயவைத்துக் கொடுக்க அன்று சாயங்காலமாகிவிட்டது. வேன்காரர் வாங்கிக்கொண்டு போகும்போது, "வரேன்க்கா" என்றார். முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டு போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் கவசக்கா தன் சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்க ஆரம்பித்தாள். முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இல்ல தம்பி... நீங்க சொல்றதுக்கு முன்னால நானே..."

"மிச்சம் ரெண்டு எங்கக்கா?"

"தெரியல. இங்க வந்த நாலுல இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

அவர் தகட்டு இழுப்பறையை இழுத்துப் பார்த்துவிட்டுத் தள்ளி மூடினார். "எட்டு வருஷமா இந்த வியாபாரம் உங்க பயத்துலதான் ஓடியிருக்கு. எனக்கு என்னமோ நீங்க நல்லா பேசுறீங்கன்னு நெனப்பு." அது வேடிக்கையா வருத்தமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "அந்த மாசத்துக் கிட்டாரு எது வந்தாலும் தகட்டை எடுத்துப் பார்த்துச் சரி பண்ணிக் கொடுத்துடுங்க. காசு வாங்க வேண்டாம். சாமானை எடுத்த இடத்துல வைங்க."

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த ஒரு வாரம் அவள் முடித்து வைத்த ஒவ்வொரு கிட்டாரையும் அவர் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் முன்கடைக்கு எடுத்துப் போனார். முன்பெல்லாம் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்றது. பார்க்கட்டும், பார்க்க வேண்டியதுதான் என்று வாயை மூடிக்கொண்டு குனிந்து வேலையைப் பார்த்தாள்.

பயம் விட்டதா என்றால், அந்தப் பயம் விட்டது. துளைக்குள் எட்டிப் பார்க்கும்போது இப்போது நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. ஆனால் பதின்மூன்று வருடம் பயந்து பழகிய மனசு சும்மா இருக்குமா? புதன்கிழமை மத்தியானம் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று தூக்கிவாரிப் போட்டது. ஜன்னல்கிட்ட வை என்று சொன்னோமே, வெயிலில் வைக்காதே என்று சொன்னோமா? வெயில் நேராக அடித்தால் கம்பியைத் தாங்குகிற அடிக்கட்டை பசை விட்டுப் பெயர்ந்து வந்துவிடும். மரமே வளைந்தாலும் வளையும். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி நம்பரைக் கண்டுபிடித்து அடித்தாள். பெண்தான் எடுத்தாள்.

"ஜன்னல்கிட்டதான் வெச்சிருக்கேன் ஆன்ட்டி. ஸ்க்ரீன் போட்டிருக்கேன்."

"எந்தப் பக்கத்து ஜன்னல்?"

"ரோட்டுப் பக்கம்."

"சாயங்கால வெயில் அடிக்குமா?"

"எதிர்ல மாடி வீடு இருக்கு. அடிக்காது."

"நாலு மணிக்கு?"

"நாலு மணிக்கும் அடிக்காது ஆன்ட்டி." சிரிக்கிறாள் என்று தெரிந்தது. "அப்பா தினம் காலைல வேன் எடுக்குறதுக்கு முன்னால வந்து வெளுப்பு குறைஞ்சிருக்கான்னு பார்த்துட்டுப் போறாரு. குறைஞ்சிருக்குங்கிறாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. அதுக்கு ஒரு சண்டை."

"நாலு நாள்ல எப்படிக் குறையும்? அவருக்குச் சொல்லு. ரெண்டு மாசம் ஆகும்."

"சொல்றேன்."

போனை வைத்துவிட்டு பாதி முறுக்கி விட்ட கம்பியைத் தேடினாள். கையில் எடுத்தாள். எதிர்வீட்டு மாடி எத்தனை மாடி என்று கேட்கவில்லையே என்ற நினைப்பு வந்தது. ஒரு மாடியென்றால் மூன்று மணி வெயில் அதைத் தாண்டி இறங்குமே. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தாள். பிறகு கம்பியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நம்பரை அடித்தாள்.